நூற்றுப் பத்துத் தொன் சூரை

மீன் வாங்கி விற்கும் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கண் ஒன்று சொல்லும், நாக்கு இன்னொன்று சொல்லும். அதைப் பொய் என்று சொல்லக்கூடாது; தொழில். மன்னார்ப் பேசாலைக் கரையில் வலையை உதறிக் கொட்டிய குவியலைப் பார்த்தவுடனேயே ‘முந்நூறு கிலோ’ என்று கண் கணக்கை முடித்துவிடும். அதே மூச்சில் நாக்கு, “நூற்றைம்பது தேறினால் பெரிய காரியம், அதிலையும் பாதி நசுங்கல்” என்று தொடங்கும். விற்கிறவர் ஐந்நூறு என்பார். இரண்டு பேரும் மாதாவைச் சாட்சிக்கு இழுப்பார்கள். கடைசியில் முந்நூறில் வந்து நிற்பார்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. யாரும் யாரையும் நம்புவதில்லை என்பதால் அதற்கு வழியே இல்லை.

சில்வெஸ்ரர் இந்தக் கண்ணையும் நாக்கையும் சேர்த்தே விமானத்தில் ஏற்றிக்கொண்டு 1991இல் ஒக்லாந்துக்கு வந்தார். கண் இங்கேயும் நன்றாக வேலை செய்தது. நாக்குத்தான் இடைஞ்சல். சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “பத்துக்கு எத்தனை வலிக்கிறது?” என்று தாதி கேட்டாள். உயிர் போகிற வலி. “நாலு,” என்றார் சில்வெஸ்ரர். இரண்டு பனடோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னேரம் அம்புலன்சில் திரும்பி வந்தார். “இந்த மனுசன் தன்ரை நோவைக்கூடப் பாதி விலைக்குத்தான் கேக்கும்,” என்று அவர் மனைவி பேர்ணடெட் ஒரு மாதம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

1996 பிப்ரவரியில் அவருக்கு நாற்பத்தேழு வயது. துறைமுகத்தில் ஒரு மீன் கம்பனியின் கொட்டகையில் ஐந்தாவது வருடமாக ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தார். காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்க முடிந்தது. இன்னொரு குளிர்காலம் அந்த ஐஸில் நின்றால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். டொக்டரிடம் நோவைச் சொன்னது பேர்ணடெட். அதனால் அது முழு விலை.

அந்த நேரத்தில்தான் கம்பனியில் ஓர் இருக்கை காலியானது. ஆகாயத்தில்.

கோடையில் வெப்பக் கடலிலிருந்து சூரை மீன் கூட்டம் கூட்டமாக நியூசிலாந்தின் வடக்குக் கரைக்கு வரும். அதைத் தேட ஒரு சின்ன விமானம் போகும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கடலைப் பார்த்து, கூட்டம் எங்கே, எத்தனை தொன் என்று வானொலியில் படகுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை வைத்துத்தான் கீழே ஸ்கிப்பர் வலையை இறக்குவதா விடுவதா என்று முடிவு செய்வார். ஒருமுறை இறக்கினால் மூன்று மணி நேரம் போய்விடும். கூட்டம் சிறிதென்றால் நாள் வீண். அளவுக்கு மீறிப் பெரிதென்றால் வலையும் வீண், சில வேளை ஆளும் வீண். பத்து வருடம் அந்த இருக்கையில் இருந்தவர் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

கொட்டகையில் வந்திறங்கும் மீன் தொட்டிகளில், தராசுக்குப் போகுமுன் சில்வெஸ்ரர் சாக்கட்டியால் ஓர் எண்ணை எழுதிவைப்பது வழக்கம். தராசு அந்த எண்ணுக்கு ஐந்து கிலோ அங்கே, ஐந்து கிலோ இங்கே என்றுதான் காட்டும். சாக்கட்டி பொய் சொல்லாது, ஏனென்றால் அது வாங்கி முடிந்த மீன். மனேஜர் இதைக் கவனித்திருந்தார். “மூன்று நாள் போய்ப் பார். நீ சொல்லுற எண்ணும் தராசும் ஒத்து வந்தால் மே மாதம் வரைக்கும் அந்த சீட் உனக்கு. அடுத்த வருசமும் உனக்கு,” என்றார். ஒத்து வராவிட்டால் ஐஸ்.

கம்பனியில் இன்னொரு தமிழர் இருந்தார். மஹதி, சென்னைப் பெண். தூத்துக்குடியில் மீன்வளம் படித்து, எல்லர்ஸ்லியில் ஒரு ஃப்ளாட்டை இரண்டு பேருடன் பகிர்ந்துகொண்டு, இங்கே தர ஆய்வுப் பிரிவில் மீனுக்குள் வெப்பமானி செருகும் வேலையில் இருந்தாள். பறக்கப் போவதற்கு முந்தின நாள் அவர் அவளுடைய மேசைக்குப் போனார். அவள் முன்னால் அப்போதுதான் வந்த ஒரு சூரை கிடந்தது. முதுகு கருநீலம், வெள்ளி வயிற்றில் தலையிலிருந்து வால்வரை நாலைந்து கறுப்புக் கோடு. பென்சிலால் இழுத்தது போலச் சுத்தமான கோடு.

“இங்க பாருங்க சார். கடல் தண்ணி இருபது டிகிரி. இவன் உள்ள இருபத்தாறு. சதையில வர்ற சூட்டை வெளிய விடாம, ரத்தக் குழாயை வலை மாதிரி பின்னி வச்சு உள்ளயே திருப்பிக்குவான். குளிர்ந்த தண்ணியில மத்த மீன் சோம்பிக் கிடக்கும். இவன் அங்கயும் சூடா வந்து வேட்டையாடுவான்.”

“கோவக்காரன்,” என்றார் சில்வெஸ்ரர். “எங்கடை வீட்டிலையும் அப்பிடி ஒராள் இருக்கு.”

“அக்காகிட்ட சொல்றேன் இருங்க.” அவள் மீனைப் புரட்டினாள். “இவன் பொறந்ததுலேருந்து நிக்கவே மாட்டான் சார். வாயைத் திறந்துக்கிட்டு நீந்தினாத்தான் செவுள்ல தண்ணி போகும், மூச்சு வரும். மிதக்க உள்ள காத்துப்பையும் கிடையாது. நின்னா செத்தான், கல்லு மாதிரி அடிக்குப் போயிடுவான்.”

“அப்ப நித்திரை?”

“எப்படித் தூங்குறான்னு யாருக்கும் சரியா தெரியாது. எப்படியோ, நீந்திக்கிட்டேதான். இன்னொண்ணு, ஒரே அளவு ஆளுங்கதான் ஒண்ணாப் போவாங்க. சின்னவனால பெரியவன் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.”

“எங்கடை தமிழ்ச் சங்கத்துக்கு உந்தச் சட்டம் வேணும் பிள்ளை. ஒரு கமிட்டிக்குள்ளை திமிங்கிலமும் இருக்கு, நெத்தலியும் இருக்கு.”

மறுநாள் காலை ஆர்ட்மோர் ஓடுதளத்தில் ஜூடித் காத்திருந்தார். அறுபது வயது. முப்பது வருடம் பண்ணை நிலங்களுக்கு உரம் தூவிய விமானி. மலைச்சரிவுகளுக்கு நடுவில் தாழப் பறந்து பழகியதால் வேறு எதற்கும் பயமில்லை, பேச்சும் அதிகமில்லை. விமானம் ஒரு பழைய கார் போல இருமியபடி எழும்பியது. அரை மணியில் ஒக்லாந்தின் கூரைகளும் பாய்மரங்களும் பின்னால் போய், வெறும் கடல் வந்தது.

ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து முதல் கூட்டத்தைக் கண்டபோது சில்வெஸ்ரருக்கு அது மீன் என்றே படவில்லை. மேகமில்லாத கடலில் ஓரிடத்தில் மட்டும் மழை விழுவது போல நீர் சிலிர்த்தது. அதற்கு அடியில் ஊதா நிறத்தில் ஒரு நிழல், உயிருள்ள நிழல், நீண்டு சுருங்கித் திரும்பியது. கண் உடனே முடித்தது: முப்பது.

வானொலியில் படகின் ஸ்கிப்பர் நிக் கேட்டான். அவனுடைய தாத்தா டல்மேஷியாவிலிருந்து வந்து ஒக்லாந்தில் வலை இறக்கியவர். நிக்கின் கரகரத்த ஆங்கிலம் சில்வெஸ்ரரின் காதுக்குள் எப்போதும் மன்னார்த் தமிழாகத்தான் விழும்.

“எத்தினை இருக்கு?”

“பதினைஞ்சு,” என்றது நாக்கு. “அதுவும் சொல்லேலாது.”

அன்று வேறு கூட்டம் தென்படாததால் நிக் வலையை இறக்கினான். தராசில் முப்பத்தொரு தொன் வந்தது. நிக்குக்கு மகிழ்ச்சி. மனேஜருக்கு இல்லை. “எண் பாதி,” என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் கண் நாற்பது என்றது. சில்வெஸ்ரர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வானொலியை எடுத்தார். வாங்காத மீன் எதிரே கிடக்கும்போது முழு எண்ணைச் சொல்வது, கடைத்தெருவில் உடுப்பில்லாமல் நிற்பது போலிருந்தது அவருக்கு. “பதினெட்டு,” என்றார். பதினெட்டுக்கு மினக்கெட முடியாது என்று நிக் படகைத் திருப்பினான். ஒரு மணி நேரத்தில் வேறொரு கம்பனியின் படகு அதே கூட்டத்தை வளைத்தது. நாற்பத்திரண்டு தொன். அன்று நிக் வானொலியில் சொன்னது எந்தத் தமிழிலும் விழவில்லை. அவ்வளவும் தனி ஆங்கிலம்.

மாலை மஹதி கொட்டகை வாசலில் அவரைப் பிடித்தாள்.

“சார், உண்மையச் சொல்லுங்க. கண்ணு தப்பா, வாய் தப்பா?”

“கண் சரி பிள்ளை. நாப்பதெண்டுதான் கண்டனான்.”

“அப்புறம் ஏன் பதினெட்டு? யார்கிட்ட பேரம் பேசறீங்க? மீன்கிட்டயா?”

“நிக்கிட்டைதான் சொன்னனான்.”

“நிக் விக்கிறவர் இல்ல சார். விக்கிறது கடல். அதுக்கு ரேடியோ கிடையாது.”

சில்வெஸ்ரர் கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்தார். “விளங்குது. ஆனா வாயிலை வருகுதே. அவன் வலை போடப் போறான், நான் கூடச் சொல்லிக் குறைய வந்தால் என்ரை மானம் போகும். குறையச் சொல்லிக் கூட வந்தால் எல்லாருக்கும் சந்தோசம்தானே?”

“நேத்து அப்படி. இன்னைக்கு?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நிக் ஏன் இவ்வளவு கோவப்பட்டார் தெரியுமா? நாற்பது போனதுக்கு மட்டும் இல்ல. மூணு வருஷம் முன்னாடி, அந்த சீட்ல இருந்தவரே ஒரு நாள் முப்பதுன்னு சொல்லி நூறு டன்னு வலைக்குள்ள வந்துடுச்சு. இடம் இல்லாம மீன் நீந்த முடியல. நீந்தலன்னா சாவு, செத்தா பாரம். நூறு டன் ஒரே நேரத்துல கல்லா மாறி வலையோட கீழ போச்சு. படகு சாய்ஞ்சுது. கயிறு அறுந்ததுல அவர் மச்சானுக்கு மூணு விரல் போச்சு.”

அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். “நாளைக்கு என்ன செய்யப் போறீங்கள்?” என்று பேர்ணடெட் கேட்டாள்.

“கண்டதைச் சொல்லப் போறன்.”

“அந்தோனியாரே, கின்னஸ் புத்தகக்காரருக்கு அறிவிக்கட்டோ?”

மூன்றாம் நாள் காற்றே இல்லை. கிரேட் பேரியர் தீவுக்கு வடக்கே கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பத்து மணிக்கு ஜூடித், வாயில் சான்ட்விச்சுடன், விரலை மட்டும் நீட்டினார்.

சில்வெஸ்ரர் தன் வாழ்நாளில் அவ்வளவு மீனை ஒரே இடத்தில் கண்டதில்லை. நீரின் மேல்மட்டத்தில் கூனி இறால் செம்மண் கரைத்தது போல மைல் கணக்கில் படர்ந்திருந்தது. அந்தச் சிவப்பை ஊதா நிழல் ஒன்று விளிம்பிலிருந்து தின்றுகொண்டே வந்தது. ஆயிரக்கணக்கான முதுகுகள் ஒன்றையொன்று இடிக்கவில்லை. முன்னால் போவது திரும்ப, ஒரு மூச்சுக்குள் கடைசி வரை திரும்பியது. திரும்பும்போது வயிறுகள் ஒருமுறை பளிச்சிட்டன, கண்ணாடிக் கடை ஒன்றைக் கவிழ்த்தது போல. தலைவர் கிடையாது, கமிட்டி கிடையாது. பூமத்திய ரேகைப் பக்கத்து வெந்நீர்க் கடலில் பிறந்து, ஒரு நொடி நிற்காமல், அந்தச் சிவப்பு இறாலுக்காக இத்தனை தூரம் நீந்தி வந்திருக்கின்றன. ஜூடித் கூடச் சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

கண் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு முடித்தது: நூற்றுப் பத்து.

“எத்தினை?” என்றான் நிக்.

படகின் வலை அறுபதுக்கு மேல் தாங்காது. நூற்றுப் பத்து என்றால் நிக் வலை இறக்க மாட்டான். வலை இறங்காவிட்டால் தராசில் ஏற ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளும் கைநழுவும், திங்கட்கிழமை ஐஸ். ஐம்பது என்று சொன்னால் நிக் இறக்குவான். நாக்கு ஐம்பதைத் தயாராக நுனியில் வைத்திருந்தது. அதைச் சொல்வதற்கு எந்தச் சிரமமும் இல்லை, பரம்பரையே பின்னால் நின்று தள்ளியது.

“நூற்றுப் பத்து,” என்றார் சில்வெஸ்ரர்.

வானொலி கொஞ்சம் கரகரத்தது. பிறகு சிரிப்பு.

“உன்ரை எண்ணை ரெண்டாலை பெருக்க வேணுமெண்டு நாங்கள் இப்பதான் பழகியிருக்கிறம். அப்ப இருநூற்றிருபதோ?”

“இல்லை. நூற்றுப் பத்தெண்டால் நூற்றுப் பத்து.”

“நேற்று நாப்பதைப் பதினெட்டெண்டவன் நீ.”

“ஓம். நேற்று நான் நாப்பதுதான் கண்டனான். பொய் சொன்னனான். எங்கடை தொழிலிலை அது பழக்கம். இண்டைக்குச் சொல்லேல்லை.”

படகில் யாரோ ஏதோ கத்துவது கேட்டது. நிக் நிதானமாகச் சொன்னான்: “நூற்றுப் பத்தோ இருநூறோ, எனக்கு ரெண்டும் வேண்டாம். இதுக்கை வலை இறக்கேலாது. நான் தெற்காலை போறன்.”

அதோடு கதை முடிந்தது என்றுதான் சில்வெஸ்ரர் நினைத்தார். ஜூடித் அவரைப் பார்த்தார். “இன்னொரு சுத்து?” என்று கேட்டார். அன்று காலை அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

அந்தச் சுற்றில்தான் சில்வெஸ்ரர் அதைக் கவனித்தார். செந்நிறப் படலம் வடக்கு முனையில் ஒரு நாக்குப் போலப் பிரிந்து நீண்டிருந்தது. கூட்டத்தின் ஓர் ஓரம் அந்த நாக்கைத் தின்றுகொண்டு போக, பெரும் பகுதி கிழக்கே வளைந்தது. நடுவில் இடுப்பு போல ஓர் ஒடுக்கம். அது மெலிந்துகொண்டே வந்தது. சந்தையில் பெரிய குவியலை ஒருவராலும் வாங்க முடியாதபோது கூறு போடுவார்களே, அப்படி மீனே தன்னைக் கூறு போட்டுக்கொண்டிருந்தது.

“நிக், திரும்பு. வடக்காலை வா. மெதுவா.”

“என்னத்துக்கு?”

“ரெண்டாப் பிரியுது. சின்னப் பக்கத்திலை முப்பத்தெட்டு.”

“பெருக்கிறதோ, பிரிக்கிறதோ?”

“ஒண்டும் செய்யாதை. கடைசி விலை. முப்பத்தெட்டு.”

கீழே படகின் பின்னால் இருந்த வெள்ளைக் கோடு தெற்கே போய்க்கொண்டேயிருந்தது. பிறகு அந்தக் கோடு வளைந்தது.

அடுத்த இருபது நிமிடம் சில்வெஸ்ரர் மூச்சை எண்ணிப் பேசினார். கொஞ்சம் இடப்பக்கம். பொறு. இன்னும் இடுப்பு அறவில்லை. பொறு. நிக் இரண்டு முறை “இப்பவோ?” என்று கேட்டான், இரண்டு முறையும் “அந்தரப்படாதை” என்றார். இடுப்பு ஒரு நூலாகி, நூலும் அறுந்து, பெரிய நிழல் கிழக்கே விலகியது. “விடு!” என்றார்.

படகிலிருந்து துணைப்படகு குதித்தது. வலை அவிழ்ந்து, மிதவைகள் ஒரு மணிமாலையாய்ச் சின்ன நிழலைச் சுற்றி வளர்ந்தன. வட்டம் மூடியது. ஆனால் கயிற்றை இழுத்துச் சுருக்காத வலையின் அடி இன்னும் திறந்திருந்தது. சூரை அதை அறிந்தது போல, ஓர் ஓரத்துக் கூட்டம் சட்டென்று தலையைக் கீழே குத்தியது. பளிச்சென்று ஒரு மின்னல், பிறகு அவ்விடம் வெறும் நீலம். அடிக்கயிறு இறுகுவதற்குள் அவை தாண்டிவிட்டன. சில்வெஸ்ரர் தன்னை மறந்து கைதட்டினார். ஜூடித் திரும்பிப் பார்த்தார்.

“யாருக்குக் கைதட்டுறாய்?”

“போனவைக்கு.”

பிறகு வானொலியை எடுத்தார். “நிக், மூண்டு தொன் அடியாலை போயிட்டுது. இப்ப முப்பத்தைஞ்சு.”

“மனுசா, போனதைக்கூடவோ எண்ணுறாய்?”

பின்னேரம் நாலு மணிக்குப் படகு கரைக்கு வந்தது. தொட்டிகள் ஒவ்வொன்றாய்த் தராசில் ஏறின. மனேஜர் கூட்டிக்கொண்டே வந்தார். மஹதி ஒவ்வொரு தொட்டியிலும் ஐந்து மீனை அளந்தாள். எல்லாம் ஐம்பது சென்டிமீட்டருக்கு ஓர் ஈர்க்கு முன்னே பின்னே. சில்வெஸ்ரர் சாக்கட்டியைத் தொடவில்லை. கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு தூரத்தில் நின்றார். கடைசித் தொட்டி இறங்கியது.

“முப்பத்தஞ்சு டன், இருநூறு கிலோ,” என்று மஹதி தமிழில் உரக்கக் கத்தினாள். கொட்டகையில் அது விளங்கியது அவருக்கு மட்டும்தான்.

மனேஜர் தாளை இரண்டு முறை பார்த்தார். “முதல் ரெண்டு நாள்?”

“முதல் ரெண்டு நாளும் என்ரை பிழை,” என்றார் சில்வெஸ்ரர். “முப்பதையும் நாப்பதையும் கண்டனான். சொல்லேல்லை.”

மனேஜர் நிக்கைப் பார்த்தார். நிக் ஒரு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். “நான் அறுபது தாங்குற வலையோடை போனன். இவன் நினைச்சிருந்தால் ஐம்பதெண்டு சொல்லி என்னை அந்த நூற்றுப் பத்துக்குள்ளை இறக்கியிருக்கலாம்,” என்றான். “என்ரை படகுக்கு மேலை வேற ஆள் பறக்கத் தேவையில்லை.”

மனேஜர் தோளைக் குலுக்கி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “திங்கக்கிழமை ஐஸுக்கு வேற ஆள் பாக்க வேணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் மறுபடியும் கிரேட் பேரியருக்கு வடக்கே இருந்தார்கள். கூனி இறால் மங்கலாய், கிழிந்த துணிபோல இன்னும் மிதந்தது. மிச்சமிருந்த எழுபத்தைந்து தொன் சூரையில் ஒரு செதிள்கூட அங்கே இல்லை. ஓர் இரவுக்குள் அத்தனை உடம்புகளும் எந்தத் திசைக்கோ போய்விட்டிருந்தன. சில்வெஸ்ரர் மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சூரியன் ஏறி, கடல் அடிவரை தெரியும் போலத் தெளிந்திருந்தது.

“எத்தினை?” என்றான் நிக்.

“ஒண்டுமில்லை.”

பெருக்குவதா, பிரிப்பதா என்று நிக் கேட்கவில்லை. கீழே படகு தன் மூக்கைக் கிழக்கே திருப்பியது.